கனவுக்கு எந்த விகுதி

டீச்சருடைய கோட்டில் லைனிங் கிழிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கையை நுழைத்தால் விரல்கள் வெளியே வராமல் எங்கேயோ விலாப்பக்கம் போய் முட்டிக்கொண்டு நிற்கும். "டீச்சர், ஒருநாள் அந்தக் கோட்டுக்குள்ளயே நீ காணாமப் போகப்போற" என்றார் வீட்டுக்காரர். அவர் நகரப் பேருந்து ஓட்டுபவர். ஊரே அவளை டீச்சர் என்று கூப்பிட்டதால், கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவர் வாயிலும் அதுவே படிந்துவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், வகுப்பு முடிந்து வரும் வழியில், சலவைக் கடைக்கும் சாவி செய்பவர் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்த தையல் கடைக்குள் நுழைந்தாள். ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்தால் கடையின் அகலம் முடிந்துவிடும். இஸ்திரிப் பெட்டியின் ஆவி கண்ணாடிக் கதவில் படர்ந்திருந்ததால், தெருவில் போகிறவர்கள் எல்லாம் தண்ணீருக்கடியில் நடப்பதுபோலத் தெரிந்தார்கள். சலவைக் கடையின் இயந்திரங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் சீராக உருண்டுகொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் யாருக்கும் கண் சொக்கும்.

தையல்காரம்மா கோட்டைப் புரட்டிப் பார்த்தாள். டீச்சரைவிட நான்கைந்து வயது மூத்தவள். கழுத்தில் இஞ்சு டேப், காதோரம் துணியில் கோடு கிழிக்கும் ஒரு சுண்ணாம்புக் கட்டி.

"கிழிஞ்சிருக்கு. ஆணி இழுத்துடுச்சாம்."

"ஆணியா? நான் ஒண்ணும் சொல்லலையே."

"துணி சொல்லுது. வியாழக்கிழமை வாங்க. சாவிக்கடைக்காரர் ஊருக்குப் போயிருக்காராம். மழை வேற வருமாம்."

வாயைத் திறந்தால் 'ஆம்', 'ஆம்' என்று முடிப்பதால், ஊர் வம்பு பூராவும் அவளிடம்தான் சேர்கிறது என்று தெருவில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. டீச்சரின் காதில் விழுந்தது வேறு. நூல் அறுந்ததும் தையல்காரம்மா மெஷினைப் பார்த்துத் தன் மொழியில் நாலு வார்த்தை திட்டினாள். அந்த நாலு வார்த்தையும் ஒரே ஒலியில் முடிந்தன. டீச்சருக்கு உடம்பெல்லாம் காதாகிவிட்டது.

அவளுடைய வேலை, வெளியிலிருந்து வந்து குடியேறுகிறவர்களுக்கு இந்த ஊர்ப் பேச்சைக் கற்றுக்கொடுப்பது. நகர நூலகத்தின் இரண்டாம் மாடியில் ஓர் அறை, இருபத்திரண்டு நாற்காலி, ஒரு சக்கரம் உடைந்த வெள்ளைப் பலகை. அங்கே இருபத்தாறு வருஷம். சமையல்காரர்கள், நர்சுகள், வெல்டர்கள், கைக்குழந்தையோடு வரும் தாய்மார்கள் என்று எத்தனையோ பேரை "என் பெயர்" என்பதில் ஆரம்பித்து வாடகை ஒப்பந்தத்தைத் தானே படிக்கிற அளவுக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறாள். அது பிழைப்பு. ஆசை வேறு. மற்றவர்கள் தொடர்கதை படிப்பதுபோல அவள் இலக்கண நூல்கள் படிப்பாள். எங்கோ ஒரு மலைச்சரிவில் பேசும் மொழியில் ஆற்றுக்கு மேல்பக்கம் ஓர் உருபு, கீழ்ப்பக்கம் ஓர் உருபு என்று படித்தால் அன்றைக்குச் சோறு தண்ணி வேண்டாம். மொழியியலில் ஆராய்ச்சிப் பட்டத்துக்குச் சேர்ந்து, மகள் பிறந்ததும் பாதியில் விட்டவள்.

கொஞ்ச நாளாக ஓர் எண்ணம் அவளைக் குடைந்துகொண்டிருந்தது. இத்தனை பேருக்குக் கற்றுக்கொடுத்தோம், ஒன்றுமே புரியாத மொழிக்குள் முதல்முதலாகக் கால் வைப்பது எப்படி இருக்கும் என்பது நமக்கே மறந்துபோயிற்றே? ஒரு மொழியை அடியிலிருந்து கற்க வேண்டும், தன் தப்பையெல்லாம் நாள்வாரியாக எழுதிவைக்க வேண்டும், மொழி ஆசிரியர்களின் ஆண்டுக் கூட்டத்தில் அதைக் கட்டுரையாகப் படிக்க வேண்டும் என்று நினைத்திருந்தாள். எந்த மொழி என்பதுதான் பிடிபடாமல் இருந்தது.

வியாழக்கிழமை கோட்டை வாங்கப் போனவள் கேட்டேவிட்டாள். "அக்கா, அன்னிக்கு மெஷினைத் திட்டினீங்களே, அந்த மொழியை எனக்குச் சொல்லித் தருவீங்களா?"

தையல்காரம்மா வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

"எதுக்கு? அங்க போகப் போறீங்களா?"

"இல்ல."

"அங்கேருந்து மருமகன் வரப்போறாரா?"

"அதுவும் இல்ல. சும்மா."

"சும்மாவா! அங்க லட்சக்கணக்குல பேசறாங்க. இந்த ஊர்ல நான் ஒருத்திதான். கத்துக்கிட்டு என்னோடதான் பேசியாகணும்."

"உங்களோட பேசினாப் போதும்."

தையல்காரம்மா கடைசிக் குண்டூசியையும் ஊசி மெத்தையில் குத்தினாள். பிறகு, "எனக்கு உங்க ஊர்ப் பேச்சு வந்துடுச்சு, எழுத்து வரலை" என்றாள். "ஆபீஸ் காகிதம் வந்தா சாவிக்கடைக்காரர்கிட்ட நீட்டறேன். அவர் படிச்சுச் சொல்றதுக்குள்ள என் வீட்டு விஷயம் தெருமுனை வரைக்கும் போயிடுது. நீங்க எழுத்து சொல்லிக் குடுங்க, நான் பேச்சு சொல்லித் தர்றேன்."

இப்படித்தான் செவ்வாயும் வியாழனும், மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை, அந்த ஆவி மூடிய கடை ஒரு பள்ளிக்கூடமானது.

டீச்சர் நல்ல மாணவியாக இருப்பாள் என்று டீச்சரே நினைத்திருந்தாள். சுத்தமாக மக்கு என்று தெரிய ஒரு வாரம் போதுமானதாக இருந்தது. அந்த மொழியில் 'நூல்' என்ற சொல்லைக் கொஞ்சம் இழுத்துச் சொன்னால் 'மாமியார்' ஆகிவிடும். "கறுப்பு மாமியார் ரெண்டு சுருள் குடுங்க" என்று அவள் கேட்டபோது, தையல்காரம்மா துணிக்குவியலில் சாய்ந்து சிரித்தாள். "ஒரு சுருளையே சமாளிக்க முடியாது, ரெண்டு எதுக்கு டீச்சர்?" டீச்சர் 'ஏன்' என்று கேட்டால் பதில் வராது. "ஏன்னா? அப்படித்தான் சொல்லுவோம்." இருபத்தாறு வருஷமாகத் தானும் இதே பதிலைத்தான் பலருக்குச் சொல்லியிருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது.

நாலாவது வாரம் அந்த முடிவொலியின் ரகசியம் பிடிபட்டது. வினைச்சொல் 'லோ' என்று முடிந்தால் சொல்கிறவர் தன் கண்ணால் கண்டது. 'ஷி' என்று முடிந்தால் கேள்விப்பட்டது, ஊகித்தது. இரண்டில் ஒன்று இல்லாமல் வாக்கியமே நிற்காது.

"நம்ம 'ஆம்' மாதிரி!" டீச்சர் முக்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள். "அதனாலதானா நீங்க எல்லாத்துக்கும் 'ஆம்' போடறீங்க?"

"பாக்காததைப் பாத்தேன்னு எப்படிச் சொல்றது? பொய் ஆயிடுமே."

வம்புக்காரி என்று தெரு சொல்லிக்கொண்டிருந்தவள், உண்மையில் காணாததைக் கண்டதாகச் சொல்லத் தெரியாதவள். அன்று டீச்சர் ஆறு பக்கம் எழுதினாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மழை. டீச்சர் குடையை மடக்கிக்கொண்டிருக்கும்போதே தையல்காரம்மா தன் மொழியில் சொன்னாள்: "அண்ணன் வந்தார்." 'லோ' என்று முடித்தாள்.

"அண்ணனா? எப்போ வந்தார்? எங்க தங்கியிருக்கார்?"

"விடியற்காலை. இந்தக் கதவாண்டதான் நின்னார். ஒரு கோட்டு போட்டிருந்தார், கை ரொம்ப நீளம். குட்டையாக்கித் தான்னு கேட்டார். நான் வெட்டினேன். வெட்ட வெட்ட நீளமாயிட்டே இருந்தது. துணி தரையில வழிஞ்சு, வாசலைத் தாண்டி, தெருவுல ஓடுது."

டீச்சருக்கு அப்போதுதான் விளங்கியது. "அக்கா, இது கனவு."

"ஆமா, கனவு."

"கனவுக்கு 'லோ' போடுவீங்களா?"

"கண்ணாலதானே பாத்தேன்? வேற யாராவது பாத்து வந்து எனக்குச் சொன்னாங்களா?"

டீச்சர் பேனாவை எடுத்தவள், ஒரு நிமிஷம் எழுதாமல் இருந்தாள். நாமும் கனவு 'காண்கிறோம்' என்றுதானே சொல்கிறோம். இத்தனை வருஷம் இலக்கணம் சொல்லிக்கொடுத்தும் இதை ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. வெளியே மழையில் தெரு கரைந்துகொண்டிருந்தது. சலவை இயந்திரம் உருண்டது. கடைக்குள் இருப்பது எது, கனவில் வந்தது எது என்று அந்த ஆவிக்குள் பிரித்துச் சொல்ல முடியாமல் இருந்தது.

பிறகு டீச்சருக்கும் கனவுகள் வர ஆரம்பித்தன. அவற்றில் யாரோ அந்த மொழியில் மளமளவென்று பேசுவார்கள். அவளுக்குத் தெரியாத சொற்கள்கூட அதில் இருக்கும். எல்லாம் புரியும். விழித்ததும், கையில் அள்ளிய தண்ணீர் விரலிடுக்கில் ஒழுகுவதுபோல அத்தனையும் போய்விடும். காலையில் பல் தேய்த்துக்கொண்டே 'லோ', 'லோ' என்று முணுமுணுப்பாள். "ஹலோ சொல்றதுக்குப் பாதி வாய்தான் திறக்குதா?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்புவார். ஆண்டுக் கூட்டத்தில் கட்டுரையை ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது. நோட்டு நாற்பது பக்கத்தைத் தாண்டியது. பாதியில் விட்ட படிப்புக்குப் பதிலாக ஏதோ ஒன்று கைக்கு வருகிறது என்று அவளுக்கு இருந்தது. கால் தரையில் பாவவில்லை.

அதனால்தான் தையல்காரம்மாவின் முகம் வாடிக்கொண்டு வருவதை அவள் கவனிக்கவில்லை. ஒரு வாடிக்கையாளர் வந்து, கால்சட்டையின் ஒரு கால் இரண்டு அங்குலம் குட்டையாக இருக்கிறது என்று கவுண்டரில் போட்டுவிட்டுப் போனார். அவர் கதவைச் சாத்தியதும் தையல்காரம்மா கத்தரிக்கோலை மேஜைமேல் வைத்தாள்.

"டீச்சர், நிறுத்திடலாம்."

"இன்னிக்கு மட்டுமா?"

"இல்ல. மொத்தமா. என்னால முடியலை." அவள் கண்ணாடிக் கதவைப் பார்த்தபடி பேசினாள். "பத்தொன்பது வருஷமா இந்த மொழியில மெஷினோட மட்டும்தான் பேசினேன். அது திருப்பிப் பேசாது, நானும் பொழைச்சுக்கிட்டேன். இப்போ நீங்க வந்து ஒவ்வொரு வார்த்தையாக் கேக்கறீங்க. அண்ணனுக்கு என்ன, சமையக்கட்டுக்கு என்ன, கோவிச்சுக்கிட்டா என்ன சொல்லுவீங்கன்னு. வார்த்தை தனியா வரதில்ல டீச்சர். ஆளையும் கூட்டிக்கிட்டுத்தான் வருது. தினமும் விடியற்காலை அண்ணன் வந்து நிக்கறார். அப்பா அம்மா போன பிறகு என்னை வளர்த்தவர். நான் கிளம்பற அன்னிக்கு உள் அறையில கதவைச் சாத்திக்கிட்டார், வெளியவே வரலை. அப்புறம் பேச்சு இல்ல."

டீச்சர் இதற்கு வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். அவள் வாயில் வந்தது: "கட்டுரைக்கு இன்னும் ரெண்டு வாரம்தான் அக்கா. எதிர்கால வினை மட்டும் முடிச்சுட்டா..."

தையல்காரம்மா திரும்பிப் பார்த்தாள். கோபமில்லை. அளவெடுக்கும்போது ஆளைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. டீச்சர் நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். வெயிலில் கண் கூசியது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வீட்டுக்காரர் தட்டைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"கட்டுரையை நிறுத்தினா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. எனக்குத்தான் வருத்தமா இருக்கும்."

"படிச்சா?"

"எனக்கு அதைவிட வருத்தமா இருக்கும்."

"அப்போ கணக்கு நேரா இருக்கே டீச்சர்" என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டை எடுத்தார்.

மறுநாள் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இரண்டு வரி எழுதி அனுப்பினாள். தையல் கடைத் தெருவை விட்டுச் சுற்றுவழியாக வீட்டுக்குப் போனாள்.

அந்த வாரம் வகுப்பில் குடும்பப் பாடம். "உங்களுக்கு அண்ணன் இருக்கிறாரா? என்ன வேலை செய்கிறார்?" என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். பின்வரிசை வெல்டரின் முறை வந்தது. "எனக்கு யாரும் இல்லே" என்றார். சென்ற மாதமும் இதையேதான் சொன்னார். டீச்சர் அன்றைக்கு "'இல்லே' இல்ல, 'இல்லை'" என்று உச்சரிப்பைத் திருத்தினாள், அவரும் மூன்று முறை பணிவாகத் திருப்பிச் சொன்னார். யாரும் இல்லை. யாரும் இல்லை. யாரும் இல்லை. அது இப்போது ஞாபகம் வந்தது. 

பலகையில் எழுதியிருந்ததை அழித்தாள். "இருக்கறவங்களைத்தான் சொல்லணும்னு இல்ல. உங்களுக்கு வேணுங்கற ஒரு ஆளைச் சொல்லுங்க. கற்பனையா இருந்தாலும் சரி."

 வெல்டர்தான் முதலில் எழுந்தார். "எனக்கு ஓர் அத்தை. அவள் கிரேன் ஓட்டுகிறாள். மிகவும் உயரத்தில் இருப்பதால் சாப்பிட மட்டும் கீழே வருவாள்." வகுப்பே சிரித்தது. பக்கத்து நாற்காலி நர்சு, "கல்யாணம் ஆகிவிட்டதா?" என்று கேட்டாள். "கேட்டுச் சொல்கிறேன்" என்றார் அவர். அந்த ஒரு மணி நேரத்தில் அவர்கள் பேசிய அளவு முந்தைய இரண்டு மாதத்தில் பேசியதில்லை. சிலர் இல்லாதவர்களைச் சொன்னார்கள். சிலர் சொன்ன விதத்தில், அந்த ஆட்கள் ஒருகாலத்தில் இருந்தவர்கள் என்று டீச்சருக்குத் தெரிந்தது. அவள் யாரையும் திருத்தவில்லை.

மூன்று வாரம் கழித்து, மத்தியானம் வகுப்பு கலைந்ததும், வாசலில் தையல்காரம்மா நின்றுகொண்டிருந்தாள். மாடிப்படி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. வெளியே வைத்திருந்த பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டி, "மொ-ழி வகு-ப்பு" என்று படித்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

"அக்கா, நான் அன்னிக்கு..."

"அதை விடுங்க. நாம நிறுத்தினோம், அண்ணன் நிறுத்தலை. இப்பவும் வந்துக்கிட்டுத்தான் இருக்கார்." நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காகிதத்தை விரித்தாள். அண்ணனுடைய தொலைபேசி எண். "அத்தை மகள் கடுதாசியில எழுதி அனுப்பி நாலு வருஷம் ஆச்சு. இன்னிக்குப் பேசிடலாம்னு பாக்கறேன். கடையில யாராவது உள்ள வந்துட்டா வெச்சுடுவேன், அதான் இங்க வந்தேன். பக்கத்துல ஒரு ஆள் வேணும். என் பேச்சு தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான்."

"எனக்கு நூலுக்கும் மாமியாருக்கும் வித்தியாசம் தெரியாதே அக்கா."

"பரவாயில்ல. உக்காருங்க."

மணி நெடுநேரம் அடித்தது. அரைகுறையாய்த் திறந்த ஜன்னலில் திரைச்சீலை உப்பியது, தணிந்தது. ஓர் ஆண் குரல் வந்தது. டீச்சருக்குப் பாதிதான் புரிந்தது. மீதியைத் தையல்காரம்மா பிறகு சொன்னாள்.

"யாருங்க?"

"நான்தான்."

"நான்தான்னா? எந்த ஊர்லேருந்து பேசறீங்க? பேச்சு வெளியூர் மாதிரி இருக்கே."

 தன் சொந்த மொழியில் தன்னை வெளியூர்க்காரி என்று ஒருவர் சொல்லுவார் என்று தையல்காரம்மா நினைத்துப் பார்த்ததே இல்லை. சின்ன வயதில் வீட்டில் கூப்பிட்ட பெயரைச் சொன்னாள். அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம்.  

"உன் நாக்கு எங்க போச்சு?" என்றார் அண்ணன். குரல் உடைந்திருந்தது. "ஒரு வார்த்தைகூட ஒழுங்கா வரலையே."

"இங்க யாரோட பேசறது? மெஷினோடயா?"

அப்புறம் இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். அவள் உள் அறையைப் பற்றி ஏதோ கேட்டாள். அவர் சிரித்தார். "அறைக்கு நீ சொல்ற அந்த வார்த்தையை இப்போ யாரும் சொல்றதில்ல. நம்ம அம்மாதான் சொல்லுவாங்க. நீ பேசறது அம்மா பேசற மாதிரியே இருக்கு. கொஞ்சம் இரு, வெக்காதே. இன்னும் பேசு."

டீச்சருக்குக் கை அரித்தது. பத்தொன்பது வருஷம் ஒரே ஆளின் வாயில் தங்கிப்போன ஒரு மொழி, அங்கே மாறிப்போன அதே மொழியைச் சந்திக்கிறது. அவள் படித்த எந்த நூலிலும் இதை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. பேனா பைக்குள்தான் இருந்தது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். தையல்காரம்மா பேசிக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே எதற்கோ சண்டை போட்டாள். ஒரு கட்டத்தில் டீச்சர் சொற்களைப் பிரித்துக் கேட்பதையே விட்டுவிட்டாள். மழையைக் கேட்பதுபோல வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் அண்ணனோடு பேச்சு. கனவில் அவர் வருவது நின்றுபோயிற்று. "போன்லயே வந்து திட்டறவர் கனவுல எதுக்கு வரணும்?" என்றாள் தையல்காரம்மா. அதைச் சொன்னபோது அவளுக்கு லேசாக வருத்தமும் இருந்தது. செவ்வாய், வியாழன் பாடம் மறுபடி தொடங்கியது. டீச்சர் நோட்டு கொண்டுபோகவில்லை. தப்பாகப் பேசினாள், சிரித்தார்கள், மறந்தாள், மறுபடி கேட்டாள். எதற்கும் பயன்படாத ஒன்றை இவ்வளவு மெதுவாகக் கற்பதில் இப்படி ஒரு சுகம் இருக்கும் என்று அவள் அறிந்ததில்லை.

இரண்டு மாதம் கழித்துத் தையல்காரம்மா அண்ணனைப் பார்க்கப் புறப்பட்டாள். ரயில் நிலையத்துக்கு டீச்சர் கூடவே போனாள். பெட்டியில் பாதி, அண்ணனுக்குத் தைத்த இரண்டு சட்டைகள். அளவு தெரியாது என்பதால் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. ரயில் பெட்டியின் எண்ணையும் இருக்கை எண்ணையும் அவளே வாசித்துக் கண்டுபிடித்தாள்.

"போயிட்டு வரேன் டீச்சர்" என்றாள். வகுப்புக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கடைசிவரை "போகிறேன்" என்றுதான் சொல்வார்கள். இதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

"போயிட்டு வாங்க அக்கா."

ரயில் போன பிறகு டீச்சர் நடைமேடை பெஞ்சில் சற்று உட்கார்ந்தாள். மத்தியான வெயில் தண்டவாளத்தின்மேல் நெளிந்தது. ஒலிபெருக்கியில் அறிவிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. கண் மூட மூட, பிறந்ததிலிருந்து தான் பேசிவரும் பேச்சே பொருள் கழன்று, யாரோ தூரத்தில் பேசும் ஏதோ ஒரு மொழியாகக் கேட்டது. ஏற்றம், இறக்கம், ஒரு சின்ன இழுப்பு. இப்படித்தான் இருந்திருக்கும், முதல் நாள் வகுப்பின் அந்த இருபத்திரண்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர்களுக்கும்.

"நீங்க எந்த வண்டிக்கு?" பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கேட்டார்.

வார்த்தைகள் வந்து சேர ஒரு கணம் ஆனது.

"வண்டி இல்லீங்க. எனக்குச் சாயங்காலம் வகுப்பு இருக்கு" என்று சொல்லிவிட்டு டீச்சர் எழுந்தாள்.